கெட்டிப் பாலும் மஞ்ச மாத்திரையும்

அட, மொட்டக் கடுதாசிய நம்பியா சார் மருந்து இன்ஸ்பெக்டரு இம்மாந்தூரம் பென்னலூருக்கு வருவாரு? ஒக்காருங்க. எரும முட்டாது. மிதிக்கத்தான் மிதிக்கும். இந்தாங்க, ஒரு வாய் பாலு குடிங்க.

ஆமா, ராஜம்மா நான்தான். அந்த மெடிக்கல்ல போலி மாத்திர விக்கிறாங்க, அத முழுங்கி ராஜம்மா கால் அழுவிக்கினு கீதுன்னா எழுதிக்கீது? கால் இதோ கீது. அழுவிக்கீதா? நல்லா பாருங்க, ஆபீசரு தானே, இன்னா கூச்சம்.

புண்ணு இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. கம்பெனி லாரிக்காரன் ஆரன் அடிச்சான், எரும மெரண்டு கால் மேல ஏறிடுச்சு. சீழ் கட்டிச்சு. ஸ்ரீபெரும்புதூர் டாக்டரு சீட்டு எழுதினாரு. டெட்ராசைக்ளினாம், மஞ்ச கலரு, ஒரு நாளைக்கு நாலு. மாத்திரன்னாலே சூடு தானே சார், வெறுந்தண்ணியில முழுங்குவாங்களா? ஒவ்வொரு வாட்டியும் ஒரு சொம்பு பாலு. எங்க எரும பாலு, வெரல வுட்டா ஒட்டிக்கும். ஒரு வாரம் முழுங்கினேன். புண்ணு அப்டியே கீது.

வந்துச்சே கோவம்! நேரா கடைக்குப் போனேன். மொதலாளி இல்ல. குன்றத்தூர்லர்ந்து பஸ்ல வர்ற சில்வியா பொண்ணுதான் நின்னுக்கினு இருந்துச்சு. மருந்துப் படிப்பு முடிச்சு மொத வேல, சேந்து ரெண்டு மாசம்கூட ஆவல. இன்னாமே, சுண்ணாம்ப அடச்சி விக்கிறீங்களான்னு கேட்டேன். அது கோச்சிக்கவே இல்ல. எதோட முழுங்கினீங்கக்கான்னுச்சு. பாலோடன்னேன். தலைல கைய வெச்சிக்கிச்சு.

பால்ல கால்சியம்னு ஒண்ணு கீதாம். ஒங்களுக்குத் தெரியும், இருந்தாலும் கேளுங்க. அது இந்த மாத்திரய வயித்துலயே கட்டிப் புடிச்சிக்குமாம். ரெண்டும் சேந்து கரையாத கட்டி ஆயிடுமாம். கரஞ்சாத்தானே கொடல்லர்ந்து ரத்தத்துல ஏறும், ரத்தத்துல ஏறினாத்தானே காலுக்கு வரும்? ஏறாம அது பாட்டுக்குப் போயிடுமாம். இருபத்தெட்டு மாத்திரயும் கொல்லப்பக்கம் போயிருக்குது சார்!

நான் வுடுவேனா? எம்மா, என் பாலு கெட்டிப் பாலு, சொட்டுத் தண்ணி கெடையாதுன்னேன். அதாங்கக்கா வில்லங்கமே, தண்ணிப் பாலா இருந்தா கொஞ்சமாச்சும் வேல செஞ்சிருக்கும்னுச்சு. பதினஞ்சு வருசமா, தண்ணி கலக்குறியான்னு ஊரே சண்ட போட்டுக்கீது. கலக்கலன்னு திட்டு வாங்கினது அன்னிக்குத்தான்.

இரும்புச் சத்து மாத்திரைக்கு டீயும் ஆவாதாம். நெஞ்செரிச்சலுக்கு ஒரு மாத்திர மெல்லுறோமே, அதுவும் இந்த மஞ்ச மாத்திரையோட சேரக்கூடாதாம், அதுலயும் கட்டிப்புடிக்கிற சமாச்சாரம் கீதாம். மறுபடியும் அதே மாத்திரய குடுத்து, சோத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடி, வெறுந்தண்ணின்னு சொல்லி அனுப்பிச்சு. அஞ்சே நாளு சார், சீழ் காஞ்சி போச்சு! இப்ப பாலு ஊத்துற வூட்லல்லாம் நானே கேக்குறேன், மாத்திர எதுனா முழுங்குறீங்களான்னு. ரெண்டு வூட்ல பால நிறுத்திட்டாங்க. போவட்டும்.

ஆனா நீங்க ரிப்போட்டு எழுதுற வரைக்கும் வேலைக்கு வராதன்னு மொதலாளி அந்தப் பொண்ண அனுப்பிட்டானாம். நேத்து பஸ் ஸ்டாண்டுல அழுதுக்கினு நின்னுச்சு. எனக்கு சோறே எறங்கல சார். மாத்திர நல்ல மாத்திர, தப்பு பாலு மேலன்னு எழுதிடுங்க.

அய்யய்யோ, கைல இன்னா அது, மாத்திரயா? பால வையுங்க கீழ! இந்தாங்க தண்ணி.

எழுதினது யாருன்னு எனக்கு எப்டி சார் தெரியும்?

இன்னாது? பென்னலூர்லயே சுத்தமான பாலு ஊத்துற ராஜம்மான்னா போட்டுக்கீது? சிரிக்காதீங்க சார். நான் சொல்லச் சொல்ல எங்க வூட்டுக்காரரு எழுதினாரு, சொன்னத அப்டியே எழுதுற மனுசன். அந்த இன்லேண்டு லெட்டர தபால் டப்பால போட்டுட்டுத்தான் கடைக்கே சண்டைக்குப் போனேன். போட்டத திரும்பி எடுக்க முடியுமா? கீழ பேரு போடக்கூடாதுன்னு தெரியும், உள்ளயும் போடக்கூடாதுன்னு யாரு சார் சொன்னா?

குடுங்க அத. கையெழுத்து மட்டும் வரும் எனக்கு, கீழயும் போட்டுடறேன். நாளைக்கே அந்தப் பொண்ண கடைல நிக்கச் சொல்லுங்க.