கைக்கண்ணாடியில் தெரிந்த விபூதி

எனக்கு வயது எழுபத்திரண்டு. ஏழு பேரைப் பெற்று ஆளாக்கியவள். திருவண்ணாமலையில் சாமி பார்த்துவிட்டு கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் வந்தபோது, முன் சீட்டில் ஒரு அக்காவும் தம்பியும். அவள் மடியில் இரண்டு வயதுப் பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"பேச்சு வரலன்னு, புத்தியில்லாத புள்ளன்னு எங்க மாமியா தெருவெல்லாம் சொல்லிட்டாங்கடா."

"நாய்க்குக் கண்ணாடி காட்டினா வேற நாய்னு குரைக்கும். அதுல இருக்கிறது நான்தான்னு தெரிஞ்ச அன்னைக்குத்தான் மனுஷனுக்கு அறிவே பொறந்துச்சாம். காலேஜ்ல சொன்னாங்கக்கா."

"உங்க காலேஜ்ல நாயும் படிக்குதா?"

தம்பி குழந்தையின் நெற்றியில் கோயில் விபூதியைப் பூசினான். அது விழித்ததும், கோயில் கடையில் வாங்கிய கைக்கண்ணாடியை நீட்டினான். குழந்தை கண்ணாடிக்குள் பார்த்தது; அதைத் தொடவில்லை. தன் நெற்றியைத் தடவி, விரலைப் பார்த்து, விபூதியை நக்கியது.

"பாத்தியாக்கா?"

அவள் சிரித்த சிரிப்பில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"ஊருக்கு வாடா. தெருவையே கூட்டி, எங்க மாமியாவ முன்னாடி ஒக்கார வச்சு, இன்னொரு தபா பூசிக் காட்றேன்."

பேத்தி, எங்கே, நான் சொல்லச் சொல்ல நீ எழுதியதைப் படி. அவள் சிரிப்பு எழுத்தில் சரியாக விழுந்திருக்கிறதா பார்க்கிறேன்.