கொழுப்பில்லாத கறி

வாளையார் சோதனைச் சாவடியில், லாரிகளுக்குப் பின்னால் எங்கள் பஸ் நின்றுவிட்டது. எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். போனைப் பார்த்துக்கொண்டிருந்த கணவர் பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னார்:

"கங்காருக் கறியில கொழுப்பே இல்லையாமா புள்ள. ஆஸ்திரேலியாவுல திங்கறாங்களாமா."

"திங்கட்டும். அதுக்கு நமக்கென்னங்க?"

"ஆப்பிரிக்காவுல நெருப்புக்கோழியாமா. மாட்டுக்கறியாட்டச் செவப்பா இருக்குமாமா, அத்தனையும் இரும்புச்சத்து. நம்ம கொட்டாயில பத்துக் குஞ்சு வாங்கி உட்டா..."

"கொட்டாயில மாடு ரெண்டு நிக்குதுங்க."

"அத வித்துப்போடலாம்."

அந்தம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க, ஈமுக் கோழி வாங்கியாந்தப்பவும் இதையேதான சொன்னீங்க? கொழுப்பில்ல, சத்து, வெளிநாட்டுக்காரன் அடிச்சுப் புடிச்சு வாங்குவான்னு. ஒருத்தனாச்சும் வந்தானா? அது வேலியத் தாண்டி ஊருக்குள்ள ஓட, நீங்க வேட்டிய மடிச்சுக் கட்டிட்டுப் பின்னால ஓடுனதுதான் மிச்சம். ஊரே சிரிச்சுது."

"சனங்களுக்குச் சத்தோட அருமை தெரியல புள்ள. அதுக்கு நானென்ன பண்றது?"

"செரி, உங்களுக்குத் தெரியுமல்ல. அத்தன ஈமு நம்மூட்டுல நின்னுதே, நீங்க எத்தன துண்டு தின்னீங்க?"

"நானா?" அவர் முகத்தைச் சுளித்தார். "சீ, அந்தக் கருமத்தப் போயி யாரு திம்பாங்க?"

முன்னால் லாரி நகர்ந்தது. அந்தம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எறங்குனதும் மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்கோணும். மறந்துபோடாதீங்க."