மேல்தாளை உரித்தவர்

பிளாஸ்டிக்கைக் கழுவுவதற்குப் பாத்திரம் விளக்குகிற சோப்புத் தண்ணீரே போதும் ஐயா. பலரும் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். விரல் பிசுக்கு ஒரு பொட்டு இருந்தாலும் பெயிண்ட் அந்த இடத்தில் பிடிக்காது. இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று உங்கள் எழுத்தர் யோசிப்பது முகத்திலேயே தெரிகிறது. எழுதட்டும். பேனாவில் மை தீர்ந்தால் நான் வாங்கித் தருகிறேன்.

நான் ரிமோட் பொம்மைக் கார்களின் மேல்கூட்டுக்கு வண்ணம் தீட்டுகிறவன். கடையில் வாங்கும்போது அந்தக் கூடு நிறமே இல்லாமல் காலி தண்ணீர் பாட்டில் மாதிரி இருக்கும். வண்ணத்தை உள்பக்கம்தான் பூச வேண்டும். வெளியே பூசினால் முதல் மோதலிலேயே சுரண்டிக்கொண்டு போய்விடும். அதனால் இந்த வேலையில் எல்லாமே தலைகீழ். மெல்லிய கோடுகள் முதலில், கறுப்பு அதற்குப் பிறகு, வெள்ளை கடைசியில். மற்ற ஓவியர்கள் கடைசியாக வைக்கும் கண்மணியை நான் முதலில் வைப்பேன்.

கூட்டின் வெளிப்பக்கத்தில் ஒரு மெல்லிய தாள் ஒட்டியே வரும். வேலை முடிகிறவரை அதை எடுக்கக் கூடாது. எனவே வரைகிறவனுக்கே தன் வேலை மங்கலாகத்தான் தெரியும். எல்லாம் முடிந்து காய்ந்த பிறகு ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, ஒரே இழுப்பில் உரிப்பேன். உள்ளே இருப்பதெல்லாம் பளீரென்று வெளியே வரும். அந்த நாலு விநாடிக்காகத்தான் அண்ணன் கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை என்று என் தங்கை ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். கிண்டலாகச் சொன்னதுதான். நான் மறுக்கவில்லை.

தங்கையும் மாப்பிள்ளையும் கீழ்வீட்டில், நான் மாடி அறையில். மாப்பிள்ளை இரும்புக் கதவு செய்யும் பட்டறையில் இரும்பைத் தேய்க்கிற கிரைண்டர் ஓட்டுகிறவர். நல்ல மனிதர், இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். எனக்குச் சோறு போடுவதற்கு ஒரு நாளும் முகம் சுளித்தவரில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில், மூடிப்போன ஒரு பெரிய கடையின் வண்டி நிறுத்துமிடத்தில் ரிமோட் கார் பந்தயம் நடக்கும். அங்கே என் கூட்டை மாட்டி ஓட்டுவார். ஓட்டுவார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். மோதுவார். நான் மூன்று வாரம் வரைந்ததை மூன்று நிமிடத்தில் நொறுக்கிக்கொண்டு வாயெல்லாம் பல்லாக வருவார். "சுவர் ஜெயிச்சிடுச்சு மச்சான்" என்பார். அதற்காக நான் ஆத்திரப்பட்டதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கார் என்றால் மோதத்தான் செய்யும்.

பிறகு நான் மீன் செதில் வண்டியை ஆரம்பித்தேன். அறுநூற்று நாற்பது செதில், ஒவ்வொன்றும் மூன்று நிறம். இருபத்திரண்டு நாள். வலது தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. ஒரு சனிக்கிழமை காலையில் கடைசி வெள்ளையும் காய்ந்துவிட்டது. உரிப்பதற்கு முன்னால் குளித்துவிட்டு வருவோம் என்று போனேன். குளிக்கும்போது பாட்டு வேறு.

துண்டைக் கட்டிக்கொண்டு வந்து பார்த்தால் மாப்பிள்ளை என் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். தாளை உரித்து உருண்டையாகச் சுருட்டி, கையில் தூக்கிப்போட்டுப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

"சும்மா ஒரு ஓரத்துல பிச்சேன் மச்சான், அதுவா வந்துடுச்சு. செமையா இருக்கு போங்க. கண்ணே கூசுது."

பாராட்டுகிறார். கோபித்துக்கொள்ளக்கூட மனிதர் வழி வைக்கவில்லை. "பரவால்ல மாப்ளை" என்றேன். அவர் போன பிறகு கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். நாற்பத்தாறு வயதில், ஈரத் துண்டோடு.

அடுத்த பத்து நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. அதில்தான் எனக்கு இன்னும் வயிறு எரிந்தது.

பதினோராம் நாள் அவராகவே மாடி ஏறி வந்தார். கையில் முகக் கவசம். கிரைண்டரில் பொறி பறக்குமே, அப்போது முகத்துக்கு மாட்டிக்கொள்ளும், மறுபக்கம் தெரிகிற பிளாஸ்டிக்.

"இதுலயும் அந்தச் செதில் சுத்தி வரைஞ்சு குடுங்க மச்சான். நடுவுல மட்டும் விட்டுடுங்க, கண்ணு தெரியணும்ல."

நானாகப் போய்க் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

என் கூடுகள் செய்கிற அதே பிளாஸ்டிக்தான் அது. சுத்தியலால் அடித்தாலும் லேசில் உடையாது. ஆனால் அதற்கென்று தனிப் பெயிண்ட் இருக்கிறது. ரோட்டில் ஓடும் நிஜக் காருக்கு அடிக்கிற பெயிண்டும் தின்னரும் பட்டால் அது ஊறி, உள்ளுக்குள் நொய்ந்துபோகும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. இந்த வேலைக்கு வந்த புதிதில் என் முதல் கூட்டை அப்படித்தான் கெடுத்தேன், எடுத்த கையோடு பிஸ்கட் மாதிரி நொறுங்கிவிட்டது. அதன் பிறகு பதினேழு வருடம் ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

அலமாரியில் இரண்டு டப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. முதலில், கூட்டில் வெட்டி மீந்த ஒரு வெட்டுத்துண்டில் நிஜக் கார் பெயிண்டைப் பூசி, நாலு நாள் ஜன்னலில் வைத்து, வளைத்துப் பார்த்தேன். வளையவில்லை, உடைந்தது. புது வேலை எதையும் நான் சோதிக்காமல் செய்ததில்லை. அடுத்தவர் பொருளில் விளையாடக் கூடாது. பிறகு கவசத்தில் அதே பெயிண்டால் செதில் வரைந்தேன். நடுப்பகுதியைத் தின்னர் தொட்ட துணியால் இரண்டு தடவை துடைத்தேன், சுத்தமாக இருக்கட்டும் என்று. சொன்னால் தற்பெருமை என்பீர்கள், காரைவிட நன்றாக வந்தது.

தினமும் காலையில் அவர் அதைக் கையில் மாட்டிக்கொண்டு கிளம்புவதை மாடி ஜன்னலில் நின்று பார்ப்பேன். ஒரு நாள் வாசலிலிருந்து தூக்கிக் காட்டினார். "யாரு வரைஞ்சதுன்னு பட்டறையே கேக்குது மச்சான்." கையசைத்தேன். அன்று முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்படிப் பதினோரு காலை. அந்தத் தாளைப் பற்றி அவர் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கீழே இறங்கிப் போய்க் கவசத்தை வாங்கி வைத்திருப்பேன். நான் எவ்வளவோ பொறுத்துப் பார்த்தேன்.

பன்னிரண்டாம் நாள் கிரைண்டர் சக்கரம் வெடித்தது. நல்ல கவசமாக இருந்தால் ஒரு கீறலோடு போயிருக்கும். இரண்டு கண்ணும் போயின. ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை என் தோளில் சாய்ந்து, "நீ இல்லன்னா நான் என்னண்ணே பண்ணுவேன்" என்று கேட்டாள். அவளுக்காக வருத்தப்பட்டேன். அவள் எந்தத் தாளையும் தொட்டவள் இல்லை.

நாலு மாதமாக அவருக்குத் தலை சீவிவிடுவதும் குளிக்கக் கூட்டிப்போவதும் நான்தான். ஒருநாள் செதில் வண்டியைக் கையில் வாங்கித் தடவினார். வண்ணம் எல்லாம் உள்ளே அல்லவா, விரலுக்கு என்ன தெரியும். "வழுவழுன்னு இருக்கு மச்சான்" என்றார்.

போன வாரம், விபத்தை விசாரித்த பாதுகாப்பு அதிகாரியின் அறிக்கை வந்தது. பட்டறை முதலாளி வீட்டுக்கே வந்து படித்தார். 'கவசத்துக்கு வண்ணம் பூசியவர், இவ்வகைப் பிளாஸ்டிக் பற்றிய அறியாமையால் பொருந்தாத பெயிண்டைப் பயன்படுத்தியுள்ளார்.' என் மேல் புகார் கொடுக்க வேண்டும் என்று அவர் குதித்தார். மாப்பிள்ளைதான் சமாதானம் சொன்னார்.

"விடுங்க முதலாளி. மச்சானுக்கு என்ன தெரியும், பாவம். பொம்மைக் காருக்குப் பெயிண்ட் அடிக்கிறவரு. தெரியாம பண்ணிட்டாரு."

என் தங்கையும் ஆமாம் என்று தலையாட்டினாள்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மனசாட்சி என்று ஒன்று இருக்கிறது ஐயா, அதுதான் என்னை இந்த ஸ்டேஷனுக்கு இழுத்து வந்தது. இந்த உறையில் அந்த வெட்டுத்துண்டின் இரண்டு பாதியும் இருக்கின்றன, தேதி போட்டு வைத்திருக்கிறேன். தெரிந்துதான் செய்தேன், சோதித்துப் பார்த்துத்தான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன், எத்தனை வருடம் கொடுத்தாலும் சரி. அந்த அறிக்கையில் 'அறியாமையால்' என்று ஒரு சொல் இருக்கிறதே, அதை மட்டும் முதலில் அடித்துவிடச் சொல்லுங்கள்.