பின்பக்கம் முந்தும் வண்டி

— பழைய கார் கண்காட்சிக்கு வந்த கூட்டமெல்லாம் அந்தச் சிவப்பு வண்டியச் சுத்தித்தானே நிக்குது. நீங்க மட்டும் என்ன சார், வழி தவறி இந்த மூலைக்கு வந்துட்டீங்களா?

— இல்ல டாக்டரம்மா, இதப் பாக்கத்தான் வந்தேன். டாக்டர்னு கண்ணாடியில ஒட்டியிருக்கே, அத வெச்சுச் சொல்றேன்.

— பல் டாக்டர்.

— அய்யய்யோ, வாயத் திறக்கச் சொல்லிடாதீங்க. முப்பத்தெட்டு வருஷமாச்சு, இத நேர்ல பாத்து. மொத்தமே ஆயிரத்துச் சொச்சம்தான செஞ்சாங்க?

— ஆயிரத்து நூத்திப் பன்னெண்டு. அதுல இன்னிக்கு ஓடுறது முப்பது தேறாது. பாக்கறவங்க, என்னம்மா மளிகைக்கடை வண்டியாங்கறாங்க. மூடியத் திறந்து காட்டினாத்தான் வாயப் பொளக்கறாங்க. ஆறு சிலிண்டர், மூணு கார்புரேட்டர். அந்தச் சிவப்புக்காரர் பந்தயத் தடத்துல ரெண்டு தடவை என்கிட்ட தோத்திருக்கார். கேட்டா, கிளட்ச் சரியில்லையாம்.

— அப்புறம் ஏன் இது விலை போகல?

— ஒரே ஒரு வரி சார். பத்திரிகையில ஒருத்தர் எழுதினார்: ‘வளைவில் வேகமாகத் திருப்பினால் இதன் பின்பக்கம் ஓட்டுநரை முந்திவிடும்.’ வாங்க வந்தவங்க ஷோரூம்லயே அதச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்களாம். ரெண்டு வருஷத்துல ஃபேக்டரிக்கே பூட்டு.

— ம். எழுதினவனுக்கு நல்ல கை.

— நல்ல கைதான். ஓட்டிப் பாக்கறீங்களா?

— நானா? எழுபத்தொண்ணு ஆச்சு எனக்கு.

— இந்த வண்டிக்கு மட்டும் கொஞ்ச நஞ்ச வயசா? ஏறுங்க. ரெண்டாவது கியர் மட்டும் முரண்டு பிடிக்கும், கெஞ்சித்தான் போடணும்.

— அடடே! கால வெச்சதும் என்னமா எழும்புது!

— எஞ்சின் சுத்து நிமிஷத்துக்கு நாலாயிரத்தத் தாண்டினாத்தான் அதுக்குப் பேச்சே வரும். விடுங்க, இன்னும் விடுங்க.

— இந்தக் குடோனத் தாண்டினா ஒரு வளைவு வரும் போலிருக்கே.

— வரும். பிரேக்க மட்டும் மிதிச்சுடாதீங்க.

— டாக்டரம்மா, வேகம் அதிகமா...

— பயப்படாம திருப்புங்க சார். திருப்புங்க... அவ்வளவுதான். பாத்தீங்களா? சார்? ஏன் ஓரங்கட்டிட்டீங்க, நெஞ்சு வலிக்குதா?

— இல்லம்மா. பின்பக்கம் அசையவே இல்லையே. தண்டவாளத்துல போற மாதிரியில்ல போச்சு.

— அது அப்படித்தான் போகும்.

— அந்த வரிய எழுதினது நான்தான்.

— தெரியும். நீங்க பக்கத்துல வந்து நின்னப்பவே தெரியும். பத்திரிகையில உங்க படம் வரும்ல.

— தெரிஞ்சுமா சாவியக் கொடுத்தீங்க?

— ஒரு தடவையாவது ஓட்டிப் பாக்கட்டுமேன்னுதான்.

— அப்ப மிச்சத்தையும் கேட்டுடுங்க. பத்து நாள் ஓட்டிப் பாத்து எழுதுன்னுதான் கம்பெனியில வண்டியக் கொடுத்தாங்க. வீட்டுக்குக் கொண்டு வந்த அன்னிக்கே மனைவிக்கு வலி வந்துடுச்சு. ஏழாம் மாசம். குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள்ள, நான் வராந்தாவுல, வண்டி ஆஸ்பத்திரி மரத்தடியில. ஆசிரியர் போன் மேல போன் போடறார். வேற ஏதோ வண்டியப் பத்தி எவனோ சொன்னத இதுக்கு மாத்தி, பெஞ்சுல உக்காந்தே எழுதிட்டேன். அந்த ஒரு வரிக்காகத் தோள்ல தட்டினார் ஆசிரியர். அந்தப் பேரை வெச்சே முப்பத்தெட்டு வருஷம் வண்டி ஓட்டிட்டேன் டாக்டரம்மா.

— குழந்தை?

— பொழச்சுட்டா. இப்ப அவளுக்கே ரெண்டு பசங்க.

— நல்லது.

— நல்லதுன்னு விட்டுடாதீங்க, நாலு வார்த்தை திட்டுங்க. அந்த ஃபேக்டரியில எத்தன பேர் இருந்தாங்களோ...

— நானூத்தி அறுபது பேர். எங்கப்பாவும் இருந்தார். நீங்க எழுதின அந்தப் பின்பக்கத்த வரைஞ்சவரே அவர்தான்.

— அவரு... இருக்காராம்மா? வீட்ட மட்டும் காட்டுங்க. நான் வந்து மன்னிப்பு கேக்கறேன்.

— போன வருஷம் போயிட்டார் சார்.

— ஒரு வருஷம் முந்தி வந்திருக்கக் கூடாதா நான்! அந்த மனுஷன் தான் வரைஞ்சது தப்புன்னு நெனச்சுக்கிட்டே போயிருப்பாரே. ஓட்டாதவன் எழுதினதுன்னு அவருக்குத் தெரியாமலே போயிடுச்சே.

— தெரியும் சார், வண்டி திரும்பி வந்தப்பவே மீட்டரப் பாத்துட்டார், ஏறியிருந்தது பதினோரு கிலோமீட்டர்தான். கட்டுரை வந்ததும் அந்தக் கணக்க எடுத்துக்கிட்டு ஆத்திரமா உங்க ஆபீசுக்குப் போனவர்கிட்ட, நீங்க ஆஸ்பத்திரியில இருக்கீங்க, குழந்தை இன்னிக்கோ நாளைக்கோன்னு சொன்னாங்களாம். இதுல வேலையும் போச்சுன்னா அந்த ஆள் எங்க போவான்னு, ஒண்ணும் சொல்லாம திரும்பி வந்துட்டார்.