நாலு விரல் இடைவெளி

மத்தியானம் மூன்று மணி. கரியாலூரிலிருந்து இறங்குகிற மலைப்பாதை. ஒரு ஆள் இல்லை, ஒரு ஆடு இல்லை...

ஏன் சார் சிரிக்கிறீர்கள்? பேய் ராத்திரி பன்னிரண்டுக்குத்தான் டூட்டிக்கு வரும் என்று யார் உங்களுக்குச் சொன்னது? ராத்திரி இப்போதுதான். நமக்கு முன்னால் ஒரு புளியமரம் ரோட்டில் கிடக்கிறது, பின்னால் இன்னொன்று. இடஒதுக்கீடு கேட்டு மறியல், ஒரு வாரமாம். கேட்கட்டும், அதில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. விடிகிறவரை இந்த பஸ் நகராது. கொசு வரும், ஷட்டரை இறக்கிவிட்டுக் கிட்டே வந்து உட்காருங்கள்.

சங்கராபுரத்திலிருந்து என்னைத் திட்டிக்கொண்டே வந்தீர்களே, கை காட்டுகிற இடத்தில் எல்லாம் நிறுத்தினால் எப்போது ஊர் போய்ச் சேர்வது என்று. நான் கண்டக்டர். என் கையில் இருப்பது விசில்தான். நிறுத்துகிறவன் டிரைவர் பழனி. அதோ, ஸ்டியரிங் மேல் சாய்ந்து தூங்குகிறான். அவன் ஏன் நிறுத்துகிறான் என்று சொல்கிறேன். அவன் தாய்மாமனுக்கு நடந்தது இது. நம்பிக்கை இல்லையென்றால் காலையில் அவனையே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாமன் பேர் வேடியப்பன். கள்ளக்குறிச்சியில் மெக்கானிக். சரியான சந்தேகப் பிராணி. டீ கொடுத்தால்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். பழைய வண்டி வாங்குகிறவர்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போகாமல் வாங்க மாட்டார்கள்.

இந்த வருஷம் தை மாசம் களமருதூர் சிவசங்கர் அவரைத் தேடி வந்தான். நிலபுலம் உள்ள வீட்டுப் பிள்ளை. பத்து நாளில் கல்யாணம். பெண் சங்கராபுரம், பேர் ராதிகா. கரியாலூரில் ஒரு பங்களாக்காரர் தன் ரேஸ் காரை விற்கிறாராம். சீமையிலிருந்து வந்த கார். சிவப்பு நிறம், துணிக்கூரை, இரண்டே சீட்டு. தாலி கட்டின கையோடு ராதிகாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அதில்தான் ஊருக்குள் நுழைய வேண்டும் என்று பையனுக்கு ஒரே வெறி.

வேடியப்பன் போய்ப் பார்த்தார். கதவு ரப்பரை நகத்தால் நெம்பி, உள்ளே வேறு பெயிண்ட் இருக்கிறதா என்று பார்த்தார். அடிபட்டு ஒட்டவைத்த வெல்டிங் தடம் தேடினார். ஆயில் குச்சியை உருவி விரலில் தேய்த்து மோந்தார். ரேடியேட்டர் மூடியைத் திறந்து எண்ணெய் மிதக்கிறதா என்று பார்த்தார். கால்மிதியைத் தூக்கிவிட்டுத் தகரத்தைத் தட்டினார். டக்... டக்... டக். துரு இல்லை. ஒரு குறையும் இல்லை. அதுதான் மனிதருக்கு உறுத்தியது. குறையே இல்லாத பழைய வண்டியை அவர் பார்த்ததில்லை.

அப்புறம் அந்தப் பங்களாக்காரர். விற்கிறவன் என்றால் கூடவே நின்று வண்டியைப் புகழ்வான் இல்லையா? இவர் பத்தடி தள்ளியே நின்றார். கூப்பிட்டால் வலதுபக்கம் வந்தார். இடதுபக்கம் கடைசிவரை வரவே இல்லை.

கடைசியாக வேடியப்பன் டயருக்கு மேலே, மட்கார்டுக்குக் கீழே, விரல்களை நுழைத்துப் பார்த்தார். இது அவர் வழக்கம். வண்டி நேராக நின்றால் இரண்டு பக்கமும் இடைவெளி ஒன்றாக இருக்கும். வலதுபக்கம் நாலு விரல். இடதுபக்கம்... மூன்று.

"இந்தப் பக்கம் யாருங்க உக்காருவாங்க?" என்று கேட்டார்.

"யாரும் உக்கார மாட்டாங்க. நான் தனியாத்தான் ஓட்றது." கேள்வி முடிவதற்கு முன்பே பதில் வந்துவிட்டது.

நீங்களே யோசித்துப் பாருங்கள். தனியாக ஓட்டுகிறவன் கார் எந்தப் பக்கம் தாழும்? ஸ்டியரிங் இருக்கிற வலதுபக்கம்தானே? ஆளே உட்காராத பக்கம் எப்படித் தாழ்ந்தது? சிவசங்கரைப் பங்களாவில் இருக்கச் சொல்லிவிட்டு, ஓட்டிப் பார்க்கிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டு மாமன் தனியாக இறங்கினார். நான் முதலில் சொன்ன மூன்று மணி அதுதான்.

முதல் வளைவில் ஒன்றும் இல்லை. இரண்டாவது வளைவில் பக்கத்து சீட்டு முனகியது. க்ரீச்... மேடு பள்ளம் எதுவும் இல்லாத ரோடு. மூன்றாவது வளைவில் ஒரு வாசனை. ஈரச் சேலையும் விளக்கெண்ணெயும் கலந்த வாசனை. அவர் மெல்ல இடதுபக்கம் திரும்பிப் பார்த்தார். ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கம் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மங்கியிருந்தது. அது கலைந்தது... மறுபடி மங்கியது... யாரோ வேகமாக மூச்சு விடுகிற மாதிரி.

பிரேக் போட்டு இறங்கிவிட்டார். அந்த வளைவில் விறகுக்கட்டோடு ஒரு பெண் வந்தாள். பேர் செவ்வந்தி. காரைப் பார்த்ததும் கட்டை அப்படியே கீழே போட்டாள். இவரைப் பார்க்கவில்லை, இடதுபக்க சீட்டையே பார்த்தாள். காரை உனக்குத் தெரியுமா என்று இவர் கேட்டார். கேட்டிருக்க வேண்டாம் என்று பிற்பாடு எத்தனையோ தரம் சொன்னார்.

போன வருஷம் ஒரே ஒரு நாள் மறியல் நடந்ததே, நினைவிருக்கிறதா? அன்றைக்கு மலைக்கு பஸ் இல்லை. செவ்வந்தியின் பக்கத்து வீட்டு ரங்கம்மாள் நிறைமாசம். வலி எடுத்துவிட்டது. செவ்வந்தி கைத்தாங்கலாகப் பிடித்து இந்த வளைவுக்குத்தான் கூட்டிவந்திருக்கிறாள். காலையிலிருந்து நின்றார்கள். மூன்று மணிக்கு இந்தக் கார் வந்தது. ரங்கம்மாள் கை காட்டினாள். கார் வேகம் குறைந்தது. பக்கத்து சீட்டில் ஒரு தோல்பெட்டி இருந்தது. ஓட்டினவன் அவளைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். போய்விட்டான். கீழே மறியலில் உட்கார்ந்திருந்தவர்கள்கூடப் பிரசவம் என்றால் எழுந்து வழி விட்டிருப்பார்கள். இவனுக்கு ஒரு பெட்டியைத் தூக்கிப் பின்னால் வைக்க மனசு வரவில்லை.

"வண்டியில போற நெனப்பு அவளுக்கு. ஆஸ்பத்திரி வந்துடுச்சா, ஆஸ்பத்திரி வந்துடுச்சான்னு கேட்டுக்கினே இருந்தா," என்றாள் செவ்வந்தி. "எம்மடியிலதான். பொழுது சாயறதுக்குள்ள ரெண்டு உசுரும் போயிடுச்சி."

வேடியப்பன் காரை எப்படித் திருப்பிக்கொண்டு பங்களாவுக்குப் போனார் என்று அவருக்கே தெரியாது. வேண்டாம் தம்பி என்றார். ஏன் என்று சிவசங்கர் கேட்டான். இங்கேதான் மனிதர் தப்பு பண்ணினார். கையால் தொட்டுக் காட்ட முடியாத குறையை அவர் அதுவரை வாயால் சொன்னதில்லை. பேய் என்று சொன்னால் கள்ளக்குறிச்சியே சிரிக்கும்.

"இடதுபக்கம் ஸ்பிரிங்கு அசந்துபோயிருக்குது தம்பி," என்றார்.

இவ்வளவுதானா என்றான் அவன். ஸ்பிரிங் அசந்திருந்தால் மாற்றினால் போயிற்று. அன்றைக்கே காரை முடித்துவிட்டான். சாவியைக் கொடுக்கிறபோது அந்தப் பங்களாக்காரர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மாமன் சேலத்தில் அளவு கொடுத்துப் புது ஸ்பிரிங் வாங்கிவந்து போட்டார். மூன்று விரல். இடதை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் பார்த்தார். இடதுபக்கம் அதே மூன்று விரல். பெண்பிள்ளை அல்லவா அந்த சீட்டில் உட்காரப் போகிறது? மனசு கேட்கவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் வெட்கத்தை விட்டு சிவசங்கரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"இன்னாண்ணே, ஒரு ஸ்பிரிங்கு போட முடியலன்னு பேய் மேல பழி போடறீங்களா?" என்று அவன் சிரித்தான்.

சங்கராபுரத்தில் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மத்தியானம் ராதிகா காரில் ஏறும்போது வேடியப்பன் இடதுபக்க டயருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். ஒரு ஆள் ஏறினால் வண்டி அமுங்கும். சின்னப்பிள்ளை ஏறினால்கூட அமுங்கும். ராதிகா ஏறி உட்கார்ந்தாள். விரலை வைத்துப் பார்த்தார். மூன்று விரல். ஒரு மயிரிழைகூட இறங்கவில்லை. சீட்டு சூடாக இருக்கிறது என்றாள் அந்தப் பெண். வெயிலில் நின்றதல்லவா என்றார்கள்.

கார் முன்னால் போனது. சொந்தக்காரர்களோடு வேனில் இவர் பின்னால் வந்தார். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வாசல். கார் ஒரு தரம் குலுங்கியது... நின்றுவிட்டது. அப்போது மணி மூன்று. வேன் நிற்பதற்கு முன்பே மாமன் குதித்து ஓடினார். இடதுபக்கக் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"கதவத் தொற தம்பி. எறங்கிக்கட்டும்."

"யாரு எறங்கணும்?"

வேனிலிருந்து ஜனம் எல்லாம் எட்டிப் பார்க்கிறது. கல்யாணப் பெண் மிரண்டுபோய்ப் பார்க்கிறாள். இந்த மனிதர் கைப்பிடியை விடாமல் நின்றார்.

"நல்ல நேரம் போயிக்கினு இருக்குதுண்ணே. வழிய வுடுங்க." சிவசங்கர் சாவியைத் திருப்பினான். இன்ஜின் பிடித்துக்கொண்டது. கைப்பிடி இவர் கையிலிருந்து நழுவியது. கார் போய்விட்டது. அன்றைக்கு ரங்கம்மாளை விட்டுவிட்டுப் போன அதே கார், இந்தத் தடவை அவளை இறக்காமல் போனது.

களமருதூரில் மேளச் சத்தம். வேன் வந்து சேரும்போது ராதிகா இறங்கி வாசலுக்கு நடந்துவிட்டாள். வேடியப்பன் நேராகக் காரிடம் போய்க் குந்தினார். வலதுபக்கம் நாலு விரல். இடதுபக்கம்...

நாலு.

சிவசங்கர் பார்த்துவிட்டு அவர் தோளில் தட்டினான். "பாத்தீங்களாண்ணே, செட்டாயிடுச்சி!"

கார் நேராக நின்றது. உள்ளே விளக்கெண்ணெய் வாசனை இல்லை. வேடியப்பன் மெதுவாகத் தலையை நிமிர்த்தி வாசலைப் பார்த்தார். மாமியார் ராணியம்மாள் ஆரத்தித் தட்டோடு நிற்கிறார். எதிரே ராதிகா. ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, முதுகைப் பின்னால் சாய்த்து, இன்னொரு கையால் அடிவயிற்றைத் தாங்கிக்கொண்டு, காலை அகட்டி நின்றாள். தாலி கட்டி அரை நாள்கூட ஆகவில்லை. வீட்டை மேலும் கீழும் பார்த்தாள். ராணியம்மாளைப் பார்த்தாள். மூச்சு வாங்க வாங்கக் கேட்டாள்.

"ஆஸ்பத்திரி வந்துடுச்சிங்களா?"