எல்லா ஜோடியும் ஒன்பதாம் எண்

நாளமில்லாச் சுரப்பிப் பிரிவை முப்பத்தோராண்டு தாங்கிய தலைமைச் செவிலியரே! கண்டிப்பிலும் கனிவு குறையாத எங்கள் அன்பு அக்காவே!

வணக்கம். நீங்கள் பணி ஓய்வு பெறும் இந்நாளில் இம்மடலை மகிழ்ச்சியோடு தொடங்கவே விரும்பினோம். முந்திக்கொண்டு வருவது பயம். அதை மறைக்காமல் எழுதுகிறோம்.

அந்த அச்சகத் தொழிலாளியை இங்கு யாரும் மறந்திருக்க மாட்டோம். மூளையடிச் சுரப்பியில் கட்டி வந்து, வளர்ச்சி ஹார்மோன் மிகுந்து, நாற்பது வயதில் கையும் காலும் தாடையும் பெருத்தவர். அறுவைக்குப் பிறகும் ஹார்மோன் அடங்காததால், மூளையின் டோபமைனைப் போலவே வேலை செய்யும் காபர்கோலின் மாத்திரையை வாரம் இருமுறை கொடுத்தோம். ஹார்மோன் மளமளவென இறங்கியது. வரும்போதெல்லாம் அவர் காலில் புதுச் செருப்பு. வீக்கம் வற்றிக் கால் சிறுக்கிறது என்று பூரித்துப்போனோம். "மருந்து இவருக்குக் கேட்குதோ இல்லையோ, செருப்புக்கடைக்காரருக்கு நல்லாக் கேட்குது" என்றார் ஆய்வக நண்பர். எல்லோரும் சிரித்தோம்.

நீங்கள் மட்டும் குனிந்து அந்தச் செருப்பைத் திருப்பிப் பார்த்தீர்கள்.

"என்ன நம்பர், தம்பி?"

"ஒன்பது, சிஸ்டர்."

"போன தடவை போட்டிருந்தது?"

"அதுவும்... ஒன்பதுதான்."

"வீட்டுல எத்தனை ஜோடி கிடக்கு?"

உடன் வந்திருந்த மனைவிதான் சொன்னார்: "கட்டிலுக்கு அடியில அறுபது பெட்டி இருக்கு சிஸ்டர். கேட்டா எரிஞ்சு விழறாரு. பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்கே போயிடலாம்னு இருக்கேன்."

அந்த மாத்திரை சிலருக்கு, வாங்கிக் குவிப்பது, சூதாடுவது என்று அடக்க முடியாத வேட்கையைக் கிளப்பும் என்று நாங்கள் அனைவரும் படித்திருந்தோம். அவரிடம் கேட்டதுதான் இல்லை. "இது உங்க வீட்டுக்காரர் குணம் இல்லம்மா, மாத்திரை படுத்துற பாடு" என்றீர்கள். அந்தப் பெண் விம்மி அழுதார். மருத்துவர் அன்றே மாத்திரையை நிறுத்தி ஊசிக்கு மாற்றினார். சில வாரங்களில் கடை ஆசை அடங்கியது, குடும்பமும் பிரியவில்லை.

அக்கா, எங்களை நடுங்க வைப்பது, அன்று பரிசோதனைத் தாளில் எல்லாமே நன்றாக இருந்தது என்பதுதான். அதைப் பார்த்துப் பார்த்தே ஒரு மனிதரைக் கைவிட இருந்தோம். இன்று அதே மாத்திரையில் பதினான்கு பேர் நலமாக இருக்கிறார்கள், தாளின்படி. வரும் திங்களன்று பள்ளி ஆசிரியை ஒருவர் முதல் மாத்திரை விழுங்கப் போகிறார். அவருடைய கணவரையும் உடன் வரச் சொல்லியிருக்கிறோம். அவர்களிடம் எதைக் கேட்க மறப்போமோ, தெரியவில்லை.

நோய் அண்டாமல், நூறாண்டு நிம்மதியாக வாழுங்கள். திங்கள் காலை பத்து மணிக்கு மட்டும் தொலைபேசியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள்.

நன்றியோடும் நடுக்கத்தோடும்,
பிரிவின் பணியாளர்கள்