நெமிலிச்சேரியில ஆறு மாசத்துக்கு ஒரு ஊடு

ஆமா, இதே ஊடுதான், உள்ள வா நைனா. நீதான ஆசிமு? அபிஷேக்கா? அவன் இல்ல. நான் கீறேன் இல்ல, இந்த ஊட்டம்மா, சுசீலா. நான் காட்டுறேன் வா.

ஃபேஸ்புக்குல போட்ட போட்டோவும் ஊடும் ஒண்ணா கீதா, நீயே சொல்லு. அடுத்தவன் ஊட்டைப் புடிச்சிப் போட்டு ஏமாத்துற வேலையெல்லாம் நம்மகிட்ட கெடையாது. கட்டிலு, ஃபிரிட்ஜு, வாஷிங் மிஷினு எல்லாம் அப்படியே கீது. நீயும் உன் சம்சாரமும் துணிமணியோட வந்தாப் போதும். இன்னா பேரு எழுதியிருந்த, ஃபஸீலாவா? நல்லா கீது. ஆபீசு அம்பத்தூர்தான? ஸ்டேஷன் நடக்குற தூரம். ட்ரெயின் ஏறி ஒரு குட்டித் தூக்கம் போடறதுக்குள்ள எறங்கிடலாம்.

இருட்டா கீதேன்னு பாக்குறியா? இரு இரு. எங்க ஊட்டுக்காரரு மெயினை ஆஃப் பண்ணி, ஜன்னலெல்லாம் சாத்திப் பூட்டிட்டாரு. இப்ப வேப்பம்பட்டுல எங்க அண்ணன் ஊட்டுல தங்கிகினு கீறோம். கடைக்குப் போறேன்னு அவராண்ட பொய் சொல்லிட்டுத்தான் ட்ரெயின் ஏறி வந்தேன். தோ, லைட்டு வந்துருச்சி பாரு.

ஏன் ஆறு மாசம் மட்டும்னா கேக்குற? மறைச்சி இன்னா பண்ணப்போறேன். நீ படி எறங்குனா கீழூட்டு கோமளா கண்ணு காது மூக்கு வெச்சி சொல்லத்தான் போறா. இந்த ஊட்டுல ஒரு சாவு உழுந்துச்சி. அவிட்ட நட்சத்திரத்துல உசுரு போனதால ஆறு மாசம் அடைப்பு, ஊட்டைப் பூட்டிட்டு எல்லாரும் வெளிய போயிடணும்னுட்டாரு ஐயரு. எங்க ஊட்டுக்காரரு மறுபேச்சு பேசல. எனக்குத்தான் மனசு கேக்கல. உள்ள யாராச்சும் பொழங்கிகினு இருக்கணும் நைனா, பூட்டி மட்டும் போடக்கூடாது. அதுக்குத்தான் வாடகையைப் பாதியாப் போட்டேன்.

உனக்கு முன்னாடி திருமுருகன்னு ஒருத்தன் வந்தான். ஊடு புடிச்சிப்போயி, சாமான் ஏத்த வண்டியே பேசிட்டான். தண்ணி எப்ப உடுவாங்கன்னு கோமளாவைக் கேக்கப் போனவன், தலைதெறிக்க ஓடிட்டான். ஃபேஸ்புக்குலயும் பிளாக் பண்ணிட்டான். பேயும் இல்ல, பிசாசும் இல்ல. அப்படி வர்றதா இருந்தா மொதல்ல என்கிட்டல்ல வந்திருக்கணும்.

மறுபடியும் அபிஷேக்கா. இத்தினி நாளா நீ சாட்டுல பேசுனது என்னாண்டதான்யா. எனக்கு ஃபேஸ்புக்கு பாக்கத் தெரிஞ்சது அவன் ஃபோன்ல மட்டும்தான். நீ ப்ரோன்னு போட்ட. அவன் ஃப்ரெண்டுங்களுக்கு எப்படி எழுதுவான்னு மேல தள்ளித் தள்ளிப் பாத்து, நானும் ப்ரோன்னு போட்டேன். எனக்கே சிரிப்பு வந்துச்சி. அப்புறம் ஒரே அழுகை.

அபிஷேக் என் புள்ள. காய்ச்சல்னு இதே ஹால்ல படுத்தான், எழுந்துக்கல.

நீ ஏன் எழுந்துக்குற, உக்காரு கண்ணு. உன் சம்சாரத்தைக் கேட்டுட்டே சொல்லு, நான் ஒண்ணும் நெனைச்சிக்க மாட்டேன். வர்றதா இருந்தா, பொழுது சாஞ்சதும் இந்த ஹால் லைட்டைப் போட்டுவுடு, விடியற வரைக்கும் அணைக்காத. கரண்டு பில்லு நான் கட்டிடுறேன். இவ்ளோ பெரிய ஆம்பளையா வளந்தும், அவன் இருட்டுல படுக்க மாட்டான்.